செருப்புப் பாறை

தண்டபாணி, இந்தக் கடிதத்தை நீ பிரிக்க வேண்டியதில்லை. உன் அப்பன் நானே பிரித்து, ஊர் பார்க்க வைத்துவிட்டேன். முன்னால் போட்ட மூன்றில் ஒன்று விலாசம் தவறென்று திரும்பி வந்தது. ஒன்றை வாங்கிய நீ பிரிக்காமலே ஆற்றில் விட்டுவிட்டதாக, உன்னோடு சுற்றும் பெங்களூர்ப் பையன் கலாவுக்குச் செய்தி அனுப்பினான். விடும்போது கும்பிட்டாயாம். மூன்றாவது என்ன ஆனதோ தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் புத்தகம் போடுகிறவர் ஒருவர் நம் விடுதியில் வந்து தங்கினார். இரண்டு நாள் என் கதைகளைக் கேட்டுவிட்டு, ஹிப்பிகள் காலத்து வட்டக்கானலுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆதாரம் நீங்கள்தான், எழுதித் தாருங்கள் என்றார். ஒரே ஆதாரம் என்றதும் எனக்கு நெஞ்சு எத்தனை அங்குலம் விரிந்திருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. சரி என்றேன். ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்தால் வேறெதுவும் வரவில்லை, உனக்கு எழுதுவதுதான் வந்தது. அச்சில் ஏறினால் யாராவது ஒருவர் உன்னிடம் காட்டாமல் இருக்க மாட்டார்கள். அதையும் நீ ஆற்றில் விட்டால் இன்னொரு பிரதி இருக்கும்.

நான் ஏழாம் வகுப்புதான். ஆனாலும் இந்த மலையில் ஏழாம் வகுப்பு படித்தவர்களில் என்னைப்போல் ஆங்கிலம் பேசுகிறவன் கிடையாது. ஜெர்மானியன் ஒருவன் என் ஆங்கிலத்தைக் கேட்டு எந்தக் கல்லூரி என்று விசாரித்திருக்கிறான். எழுத்துத்தான் கொஞ்சம் தடுக்கும். அதனால் உன் மனைவி கலா பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். எழுத்துப் பிழையோடு விட்டால் பரவாயில்லை, நான் கூட்டிச் சொல்லும் இடங்களிலும் பென்சிலால் வட்டம் போடுகிறாள். அட்டுவம்பட்டி பாலர் பள்ளியில் டீச்சராக இருந்த பழக்கம், வட்டம் போடாமல் அவளால் ஒரு தாளைப் பார்க்க முடியாது. அந்த ஜெர்மானியன் மேல் இப்போதே ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. அவன் இருந்தான், கல்லூரி கேட்கவில்லை. சரி. இந்தக் கடிதத்தில் வட்டத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொள்.

அந்தக் காலத்தில் வட்டக்கானலில் ஐந்நூறு ஹிப்பிகள் இருந்தார்கள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். பதினொரு பேர்தான். கைக்குழந்தைகளைச் சேர்த்தால் பதின்மூன்று. நம் ஊரே அப்போது ஆறு வீடு என்பதால் பதினொரு பேர் வந்ததே படையெடுப்பு மாதிரி இருந்தது. கீழ்ச் சரிவில் பூட்டிக்கிடந்த பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆண்களுக்கு இடுப்புவரை முடி, பெண்களுக்குக் கணுக்கால்வரை பாவாடை, யாருக்கும் எந்தச் சோலியும் கிடையாது. காலையில் எழுந்து வெயிலைப் பார்ப்பார்கள், மாலையில் அதே வெயில் போவதைப் பார்ப்பார்கள். நான் விறகும் பாலும் கொண்டுபோய்ப் போடுகிறவன். பதினாறு வயது. என்னை அவர்கள் குருவாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, அதற்கு வட்டம் கலா போடவில்லை, நானே போட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. என் அப்பா அறுபது வருடம் இந்த மலையில் வெள்ளைக்காரர் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அவர் பெயர் என்ன என்று கேட்ட முதல் வெள்ளைக்காரர்கள் அவர்கள்தான். நாங்கள் குடித்த டம்ளரிலேயே வாங்கிக் குடித்தார்கள். அப்பாவுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, பெயரைக் கேட்டுட்டாங்கடா, பெயரைக் கேட்டுட்டாங்கடா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இது அப்படியே நடந்தது.

அவர்கள் விட்டுப்போனது என்ன என்று புத்தகக்காரர் கேட்டார். சுற்றிப் பாருங்கள் என்றேன். கடைக்குக் கடை பழுப்பு ரொட்டி, கடலை வெண்ணெய். சுவரெல்லாம் கண்ணும் காளானும் வரைந்த படம். மதுரையில் எந்தக் குறையும் இல்லாமல் பிறந்த பிள்ளைகள் தலைமுடியைச் சடையாக முறுக்கிக்கொண்டு வந்து, அங்கிள், அமைதி எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு வைஃபை கேட்கிறார்கள். பிறகு வந்த இஸ்ரேல் பிள்ளைகளுக்காக என் டீக்கடைப் பலகையை என்னால் படிக்க முடியாத எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இதெல்லாம் அவர்கள் விட்டுப்போனது. எல்லாவற்றையும்விடப் பெரிதாக விட்டுப்போனது ஒரு ஜோடி செருப்பு. அதைப் பற்றிப் புத்தகக்காரரிடம் பழைய மாதிரிதான் சொன்னேன். உனக்கு அப்படிச் சொல்ல முடியாது.

பழைய மாதிரி உனக்கு மனப்பாடம். இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். அந்தப் பதினொரு பேரில் ராபின் என்று ஒருவர். நெட்டை, செம்பட்டைத் தாடி. மண்ணெண்ணெய் டின்னைக் கிடையாக வைத்து, சுற்றிலும் மண் பூசி அடுப்பாக்கி, அதில் ரொட்டி சுட்டவர். ஊரில் அவருக்கு ரொட்டித்துரை என்று பெயர். மற்றவர்கள் எல்லாம் குளிருக்குப் பயந்து கோவாவுக்குப் போனபிறகும் அவர் போகவில்லை. ஒரு மார்கழிக் காலையில், என் கண் முன்னால், பள்ளத்தாக்குக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் ஏறி நின்றார். கீழேயிருந்து மேகம் எழும்பி வந்தது. செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மேகத்துக்குள் காலை வைத்து நடந்தார். விழுந்த சத்தம் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. பழனி மலையில் சித்தர்கள் புதிதா என்ன? வெள்ளைக்காரச் சித்தர், செருப்புப் பாறை. உலகத்தில் இருபது நாட்டுக்கு இந்தக் கதையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். இருபதுக்கு வட்டம் விழுந்தாலும் பத்து நிச்சயம்.

பாறையில் இருந்த செருப்பை நீ சின்ன வயதில் தினமும் துடைப்பாய். காட்டுப்பூ பறித்து வைப்பாய். அது மூன்றாவது ஜோடி, தண்டபாணி. முதல் ஜோடி இரண்டு மழைக்குள் உளுத்தது. இரண்டாவதை எவனோ ஞாபகார்த்தம் என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மூன்றாவது மூஞ்சிக்கல் கடைவீதியில் வாங்கி, சாணியிலும் மண்ணிலும் ஒரு வாரம் புரட்டிப் பழசாக்கியது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் கடை மொய்தீன் பாய் காலையில் கடையைத் திறக்கும்போதே, இன்னைக்கு எத்தனை பேர மேகத்துல ஏத்துறதா உத்தேசம் மச்சான் என்று கேட்பார். ஆனாலும் அவரும் வருகிறவர்களிடம் பாறைக்கு வழி காட்டுவார். பாறைக்குப் போகிறவன் இறங்கி வரும்போது டீ குடிப்பானே. பிள்ளைகளிடம் யாரும் உடைக்கவில்லை. எல்லோருக்கும் அது ஒரு விளையாட்டு, கொஞ்சம் பிழைப்பு. அந்த விளையாட்டைப் பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டு ஒருவன் நம் வீட்டுக்குள்ளேயே வளர்கிறான் என்று எனக்கு உறைக்கவில்லை. உறைத்தாலும் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

திண்டுக்கல்லில் கல்லூரி, பெங்களூரில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் வேலை, எல்லாம் நன்றாகத்தான் போனது. வேலையை விட்டுவிட்டு விடுதியைப் பார்த்துக்கொள்ள வந்தாய், கலாவைக் கட்டினாய், யாழினி பிறந்தாள். நான் ஊரெல்லாம் சொன்னேன், என் மகன் பெரிய சம்பளத்தை உதறிவிட்டு அப்பனுக்காக வந்துவிட்டான் என்று. நீ அப்பனுக்காக வரவில்லை, பாறைக்காக வந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. விடுதியில் தங்குகிற பிள்ளைகளை வெள்ளனே எழுப்பிக் கூட்டிக்கொண்டு பாறைக்கு நடப்பாய். கண்ணை மூடி உட்காருவாய். முடி வளர்ந்தது. கறி விட்டாய், பிறகு உப்பு விட்டாய், பிறகு கலாவோடு பேசுவதையும் குறைத்தாய். குடும்பம் என்பது ஒரு கயிறு என்று அவளிடமே சொன்னாயாம். எல்லாவற்றையும் வைத்துவிட்டு நடந்தவர்தான் முழு மனிதர் என்று சொன்னாயாம். அவள் அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னபோதும், அது என் வாக்கியம், நான் பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரியிடம் சொன்னது என்று எனக்குள் ஒரு புழு நெளிந்ததே தவிர, வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறக்கிறேன். ராபின் மேகத்துக்குள் போகவில்லை. நம் விறகுக் கொட்டகையில் செத்துப்போனார்.

மஞ்சள்காமாலை. கூட்டாளிகள் கோவாவுக்குக் கிளம்பியபோதே அவருக்குக் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் வந்து அழைத்துக்கொள்கிறோம் என்று போனார்கள். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. யாரும் யாரையும் கட்டிப்போடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை, அவ்வளவுதான். பங்களாவில் தனியாகக் கிடந்தவரை அப்பாவும் நானும் தூக்கிவந்து கொட்டகையில் கோணி விரித்துப் படுக்கவைத்தோம். ஆத்தா கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தது. கொஞ்சம் தெளிவார், மறுபடி சாய்வார். அவருடைய பாஸ்போர்ட்டுக்குள் ஒரு படம் இருந்தது. மழைக்கோட்டுப் போட்ட ஐந்து வயதுப் பெண் குழந்தை. இந்தக் குழந்தையைப் பற்றி அந்தப் பங்களாவில் அவர் ஒருநாளும் பேசியதில்லை. அங்கே யாரும் விட்டு வந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. கொட்டகையில் காய்ச்சல் ஏறியபிறகுதான் பேசினார். விறகுக்கட்டுக் கயிற்றின் இரண்டு நுனியையும் கையில் எடுத்துக்கொள்வார். ஒன்றின் மேல் ஒன்று போடுவார், முயல்காது மாதிரி ஒரு வளையம் வைப்பார், அதைச் சுற்றி இன்னொரு காது, இழுத்து முடிச்சு. அவிழ்ப்பார். மறுபடியும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மகளுக்கு ஷூ கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன், ஒரு காதுவரைதான் அவளுக்குத் தெரியும் என்றார். ஷூவே போட்டறியாத நான் அந்த முடிச்சை அங்கேதான் கற்றுக்கொண்டேன். கலா இந்த இடத்தில் பெரிய வட்டமாகப் போட்டாள். பென்சிலை வாங்கி அழித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நெசமாவா மாமா என்றாள். நெசந்தாம்மா. என் ஆயுசில் நான் கூட்டாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அதுதான், ஏனென்றால் நீ கிளம்பும்வரை யாரிடமும் சொன்னதே இல்லை.

இனிமேல்தான் கஷ்டம். ஐந்தாவது நாள் அவர் எழுந்து உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகிறேன் என்றார். அவருக்குத் தெரிந்த தமிழிலேயே சொன்னார்: "வீடு போறேன். செருப்பு எங்கே?" மேலே டவுன்வரை நடந்துவிட்டால் பஸ், பஸ்ஸுக்குப் பிறகு ரயில், அதற்குப் பிறகு எப்படியாவது. வெளியே மழை. அவர் செருப்பு வாசலில் கிடந்தது, கட்டைவிரலுக்கு வளையம் வைத்த தோல் செருப்பு. நான் அதை எடுத்து விறகு அடுக்குக்குள் செருகினேன். இரண்டு நாள் படுத்து எழட்டும், மழை விடட்டும் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பாதி. மறுபாதி, அவர் போகக் கூடாது. என் வாழ்க்கையில் நான் பேசுவதை வாய் பிளந்து கேட்ட முதல் ஆள் அவர். நான் விட்ட கதைகளை எல்லாம் அவர் நம்பினார், காட்டெருமையை ஒரு கையால் தள்ளினேன் என்றதைக்கூட. அவர் போய்விட்டால் நான் மறுபடியும் விறகு தூக்குகிற பையன்தானே.

அவர் தேடினார், தண்டபாணி. முழங்காலில் ஊர்ந்து கோணியைப் புரட்டி, வைக்கோலைக் கிளறித் தேடினார். என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். வெறும் காலோடு வாசல்வரை போனார், கால் வீங்கியிருந்தது, கல் குத்தி உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. எட்டாம் நாள் காலையில் கயிறு கையில் இருந்தது, ஆள் இல்லை. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு, பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனது. டவுன் கல்லறைத் தோட்டத்து மூலையில் பெயரெழுதாத ஒரு கல். அன்றைக்குச் செருப்பைக் கொடுத்திருந்தால் டவுன் ஆஸ்பத்திரிவரை போய்ப் பிழைத்திருப்பாரா, வழியிலேயே விழுந்திருப்பாரா, எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக மாற்றி மாற்றி நடக்கவிட்டுப் பார்க்கிறேன். சில நாள் அவர் பஸ் ஏறிவிடுகிறார்.

செருப்பை வீட்டில் வைக்க முடியவில்லை, எரிக்கவும் கை வரவில்லை. பாறையில் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த சித்திரையில் கோவாவிலிருந்து இரண்டு பேர் திரும்பி வந்தார்கள், ஆணும் பெண்ணும். ராபின் எங்கே என்று என்னைத்தான் கேட்டார்கள். செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படி என்று கேட்பார்கள், எப்படி என்று சொல்லப்போனால் செருப்பு வரும். பாறைக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் செருப்பைக் காட்டினேன். இங்கிருந்துதான் போனார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், மேகம் அன்றைக்குத் தானாக எழும்பி வந்தது. அந்தப் பெண் பாறையில் விழுந்து அழுதாள், பிறகு எழுந்து சிரித்தாள், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் விடுதலையாகிவிட்டார் என்றாள். ஒரு பொய் ஒருவரை அத்தனை சந்தோஷப்படுத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அடுத்த முறை கேட்டவர்களுக்குச் சிரிப்பைச் சேர்த்தேன். அதற்கடுத்து மார்கழியை. அவர்கள் ஊருக்குப் போய் அந்த மழைக்கோட்டுக் குழந்தையிடம் என்ன சொன்னார்களோ. உன் அப்பா மேகமாகிவிட்டார் என்றா? அவளுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவர் செருப்புத் தேடி ஊர்ந்தார், உன்னிடம் வரத்தான் ஊர்ந்தார் என்று ஒருவரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியவன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

நீ கிளம்பிய தை மாதக் காலையில் உன்னிடம் சொன்னேன். அதையும் ஒழுங்காகச் சொன்னேனா? கலா உள்ளே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாழினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ படிக்கட்டுக்குக் கீழே குனிந்து செருப்பைத் தேடினாய். காணோம். நிமிர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நான் ராபினுக்கு வைத்த சிரிப்பு. "செருப்பே வேண்டாம்னு மலையே சொல்லிருச்சுப்பா" என்றாய். அப்போதுதான் எனக்கு உயிர் போனது. உன் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகை, காமாலை, கயிறு, விறகு அடுக்கு என்று கொட்டினேன். நடுவில் பழக்கதோஷத்தில் அன்றைக்கு இடி விழுந்ததாகவும் ஒரு புலி உறுமியதாகவும் சொல்லிவிட்டேன். இடியும் இல்லை, புலியும் இல்லை. நீ பொறுமையாக முழுக்கக் கேட்டாய். என் கையை மெதுவாக எடுத்துவிட்டாய்.

"இதுவும் நல்லாத்தாம்ப்பா இருக்கு. ஆனா பழசுதான் பெஸ்ட்டு" என்றாய்.

கேலியாகக்கூடச் சொல்லவில்லை. குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது மாதிரி அன்பாகச் சொல்லிவிட்டு, வெள்ளகவிக்கு இறங்கும் பாதையில் வெறும் காலோடு போய்விட்டாய். ஐம்பது வருடமாகப் பொய் சொல்லி யாரிடமும் அடி வாங்காதவன், முதல்முறை உண்மை சொல்லி வாங்கினேன். புலியை விட்டிருக்கக் கூடாது.

சாட்சிக்கு ஆள் தேடினேன். ராபின் உடம்பைக் கல்லறைக்குத் தூக்கிப்போனவர்களில் உயிரோடு இருப்பது பள்ளங்கி கருப்பையா அண்ணன் மட்டும்தான். பூண்டுக் காட்டுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் கட்டிலோடு இருக்கிறார். அவர் பேசுவதைப் போனில் பிடித்து உனக்கு அனுப்பலாம் என்று போனேன். ராபின் நம் கொட்டகையில் செத்தது ஞாபகம் இருக்கிறதா, நீங்கள்தானே தலைமாட்டைத் தூக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, நீயா எனக்குச் சொல்லித் தார? ரெண்டு கண்ணால பாத்தவன் நானு. மேகம் வந்துச்சு, ஏறுனாரு, போயிட்டாரு. நீ அன்னைக்கு அங்கன இல்லவே இல்ல" என்றார். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவர் மகள் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பெரியவர்கிட்ட ஏன் சித்தப்பா சாமி விசயத்துல விளையாடுறீங்க என்றாள். திரும்பி வரும் ஜீப்பில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நிற்காமல் அழுகை வந்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

நீ எங்கேயோ ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிற வீடியோவைக் கலா காட்டினாள். ஐம்பது பேர் இருப்பார்கள், எண்ணிப் பார்த்தேன், இந்த முறை கூட்டவில்லை. செருப்புப் பாறையைச் சொன்னாய். என்னைவிட நன்றாகச் சொன்னாய், தண்டபாணி. நான் அவசரப்படும் இடத்தில் நீ நிறுத்தினாய். என் அப்பா கண்ணால் பார்த்தவர் என்றாய். முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். அவளுக்கு வீட்டில் யார் இருக்கிறார்களோ, எந்தக் குழந்தை எந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று நினைத்தேன். அந்த ஹிப்பிகளில் நான் கண்ட நல்லது பொய்யில்லை. ஒரு டம்ளரில் குடித்தார்கள், அப்பாவின் பெயரைக் கேட்டார்கள், யாரையும் கீழே உட்கார் என்று சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டிருந்தால் நாம் எல்லோரும் கொஞ்சம் உயர்ந்திருப்போம். நாம் எடுத்துக்கொண்டது கிளம்பிப் போகிற காட்சியை. அதுவும் நான் வரைந்து கொடுத்தது. கிளம்பிப் போனவர் கடைசியில் என்ன கேட்டார் என்பதை நான் விறகுக்குள் செருகிவிட்டேன். உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். யார் கதை சொன்னாலும், அதில் வருகிறவனுக்குப் பசித்ததா, கால் வலித்ததா, வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேள். பதில் இல்லை என்றால் சொல்கிறவன் எதையோ ஒளிக்கிறான். நீ சின்ன வயதில் என்னைக் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? ராபின் தாத்தாவுக்குப் பாப்பா இல்லையாப்பா என்று. சித்தருக்கு ஏதுடா பாப்பா என்றேன். நீ அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பாறையில் இருந்த மூன்றாவது ஜோடியை எடுத்துவிட்டேன். மொய்தீன் பாய் கடையிலிருந்தே கத்தினார், என்ன மச்சான், சித்தரு திரும்பி வந்து வாங்கிட்டுப் போயிட்டாரா என்று. கேட்க வருகிறவர்களிடம் இப்போது கொட்டகையைக் காட்டுகிறேன், நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும்.

உன்னை வரவழைக்க யாழினி ஷூவைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், ஷூ கயிறு கட்டத் தெரியாமல் அப்பாவைத் தேடுகிறாள் என்று. எழுதினால் அருமையாக இருக்கும். ஆனால் அவள் ஷூவில் கயிறே கிடையாது, ஒட்டுகிற பட்டைதான். அவளே பிரிக்கிறாள், அவளே ஒட்டுகிறாள். அதற்கு நீ தேவையில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

நீ போன ஒன்பதாம் நாள் கலா வெந்நீருக்கு விறகெடுக்கக் கொட்டகைக்குப் போனாள். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவியபோது உன் செருப்பு விழுந்தது. இரண்டும். மலை சொல்லவில்லை, தண்டபாணி. உன் மகள் செருகி வைத்திருந்தாள். அவளுக்கு நான் ராபின் கதையைச் சொன்னதே இல்லை, பழசையும் சொன்னதில்லை, நிசத்தையும் சொன்னதில்லை. தானாகச் செய்திருக்கிறாள். அன்றைக்கு நீ படிக்கட்டுக்குக் கீழே தேடும்போது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கலா செருப்பை எடுத்ததும் யாழினி ஓடிவந்து பிடுங்கினாள். அப்படி ஒரு அழுகையை அவளிடம் நான் பார்த்ததில்லை. தேம்பல் அடங்கியபிறகு கேட்டேன், ஏன் ஆத்தா ஒளிச்சு வச்ச என்று. "செருப்பு இங்கன கெடந்தா அப்பா ரொம்பத் தூரம் போவ மாட்டாங்கல்ல தாத்தா" என்றாள்.

பதினாறு வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. செருப்பை வாங்கி, அவள் காட்டிய இடத்திலேயே திரும்பச் செருகிவைத்தேன். ஐந்து மாதமாகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் கொட்டகைக்குப் போய்க் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். பிறகுதான் பால் குடிக்கிறாள். மழை தொடங்கிவிட்டது, கலா அந்த அடுக்கிலிருந்து மட்டும் விறகெடுப்பதில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் ஊருக்குக் காட்டிய செருப்பெல்லாம் போலி. இந்த ஜோடி அசல். வலது காலில் வார் அறுந்து நீயே தைத்தது, கறுப்பு நூல். வந்து போட்டுப் பார்.